கீரிப்பூச்சி: வீட்டில் திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகள்

மருந்துக் கடையில் மருந்தாளராக நின்று பல வருடங்களாக ஒரே விஷயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துச் சில மாதங்கள் ஆகியிருக்கும். அம்மாவோ அப்பாவோ வருவார், கூட்டம் குறையும்வரை ஓரமாக நிற்பார், அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ராத்திரி தூங்கவே மாட்டேங்கிறான் சார், பின்பக்கம் சொறிஞ்சிக்கிட்டே இருக்கான், பூச்சி மாத்திரை வேணும்" என்பார். ஒரு மாத்திரை வாங்கிக்கொண்டு வேகமாகப் போய்விடுவார். இதற்கு முன்னால் வந்த பெற்றோர் என்னென்ன தவறு செய்தார்களோ அதையே இவர்களும் வரிசையாகச் செய்யப் போகிறார்கள் என்று தெரிந்தே நிற்பது கஷ்டமாக இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். கை கழுவ வேண்டும், நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதில் நேரம் செலவழிக்கப் போவதில்லை.

மலப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று விட்டுவிடுவது

ரிப்போர்ட் சுத்தமாக இருக்கிறது, அதனால் பூச்சி இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கீரிப்பூச்சிக்கு இந்தப் பரிசோதனை பெரும்பாலும் உதவாது. இந்தப் புழு வாழ்வது பெருங்குடல் தொடங்குகிற இடத்தில், குடல்வால் பக்கத்தில். ஆனால் முட்டையைக் குடலுக்குள் இடுவதில்லை. பிள்ளை தூங்கிய பிறகு பெண்புழு ஆசனவாய் வழியாக வெளியே வந்து, சுற்றியுள்ள தோலில் 10,000-க்கும் மேற்பட்ட முட்டைகளை ஒட்டிவிட்டுச் செத்துப்போகிறது. ராத்திரி அரிப்பு வருவது இதனால்தான். முட்டை தோலில் இருக்க, மலத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

வீட்டிலேயே பார்த்துவிடலாம். பிள்ளை தூங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, எழுப்பாமல், டார்ச் அடித்து ஆசனவாயைச் சுற்றி மெதுவாக விரித்துப் பாருங்கள். வெள்ளை நூல் துணுக்கு மாதிரி, சுமார் 1 செ.மீ. நீளத்தில், நெளிந்துகொண்டிருக்கும். நெளிகிறதா என்று கொஞ்ச நேரம் பொறுத்துப் பாருங்கள், ஏனென்றால் துணியிலிருந்து ஒட்டிய நூலும் பார்க்க அப்படியேதான் இருக்கும். ஒரு ராத்திரி தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது. சந்தேகம் தீரவில்லையென்றால் டேப் பரிசோதனை இருக்கிறது. காலையில் எழுந்ததும், கழிப்பறைக்குப் போவதற்கு முன்னால், கழுவுவதற்கும் முன்னால், ஒளி ஊடுருவும் டேப்பின் ஒட்டும் பக்கத்தை அந்தத் தோலில் அழுத்தி எடுத்துக் கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும். தொடர்ந்து மூன்று காலைகள் எடுத்தால்தான் நம்பலாம், ஒரே நாள் எடுத்தால் தவறிப்போகிற வாய்ப்பு நிறைய.

இரண்டாவது மாத்திரையை விட்டுவிடுவது

எல்லாவற்றையும்விட இதுதான் எனக்கு இன்னும் பொறுக்காத விஷயம். முதல் மாத்திரை போட்டு 2 வாரம் கழித்து இன்னொன்று போட வேண்டும். சின்ன மாத்திரை, அதைப் போட மறந்ததால் ஒரு குடும்பமே மாதக்கணக்கில் தூக்கம் கெட்டு அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

அல்பெண்டசோல், மெபெண்டசோல், பைரண்டெல் என்று எதை எடுத்தாலும் சரி, அவை குடலில் இருக்கிற புழுவைக் கொல்லும், ஆனால் முட்டையைக் கொல்லும் என்று நம்ப முடியாது. மாத்திரை போட்ட அன்றைக்கு உங்கள் வீட்டில் முட்டைகள் எங்கெல்லாம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளையின் நக இடுக்கில், உள்ளாடையில், தலையணை உறையில், கழிப்பறைக் குழாய்த் திருகில், கட்டிப்பிடித்துத் தூங்குகிற பொம்மையில். தோலில் இட்ட முட்டை 4 முதல் 6 மணி நேரத்துக்குள் தொற்றக்கூடிய நிலைக்கு வந்துவிடும், கொஞ்சம் குளிர்ச்சியும் ஈரப்பதமும் இருந்தால் 2 வாரம், சில சமயம் 3 வாரம்கூட உயிரோடு இருக்கும். மாத்திரையின் வேலை ஓரிரு நாளில் முடிந்துவிடுகிறது. மூன்றாம் நாள் பிள்ளை விரலை வாயில் வைத்தால் புதிய கணக்கு ஆரம்பம்.

இங்கேதான் ஏமாந்துபோகிறோம். முதல் மாத்திரையில் பெரிய புழுக்கள் செத்துவிடுவதால் சில நாளில் அரிப்பு நின்றுவிடுகிறது, பிள்ளை நன்றாகத் தூங்குகிறது, வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. சரியாகிவிட்ட பிள்ளைக்கு எதற்கு இன்னொரு மாத்திரை என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் விழுங்கிய முட்டை பொரிந்து, வளர்ந்து, மறுபடி முட்டையிட வெளியே வருவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை எந்த அறிகுறியும் இருக்காது. புழு வளர்ந்துகொண்டிருக்கும், பிள்ளை சிரித்து விளையாடிக்கொண்டிருக்கும்.

இதனால்தான் 2 வாரம் என்ற இடைவெளி. மிச்சமிருந்த முட்டைகளில் பெரும்பாலானவை அதற்குள் ஒன்று செத்திருக்கும், இல்லையென்றால் யாருடைய வயிற்றுக்குள்ளாவது போய்ப் பொரிந்திருக்கும். பொரிந்தவை இன்னும் குஞ்சுப் புழுக்கள், முட்டையிடும் வயது வரவில்லை. அந்த நேரத்தில் இரண்டாவது மாத்திரை விழுந்தால் அந்தத் தலைமுறை அதோடு போய்விடும். நாலே நாளில் போட்டால் வெளியே கிடக்கிற முட்டைகள் தப்பிக்கும், இரண்டு மாதம் கழித்துப் போட்டால் அவை ஏற்கனவே அடுத்த முட்டைகளை இட்டு முடித்திருக்கும். "எப்போ ஞாபகம் வருதோ அப்போ குடுத்துக்கலாம்" என்கிற மருந்து இல்லை இது.

ஒரு அப்பா வந்தார், மிகுந்த கோபத்தோடு. மாத்திரை போலி என்றார். ஏற்கனவே ஒரு கம்பெனி மாத்திரை கொடுத்து, அப்புறம் வேறு கம்பெனி மாற்றி, அப்புறம் வேறு மருத்துவரையும் பார்த்து, எதுவும் கேட்கவில்லை, இந்தப் பூச்சிக்கு மருந்தே கிடையாதா என்று கேட்டார். பர்ஸில் பழைய பில்களை மடித்து வைத்திருந்தார். கண்ணாடிக் கவுன்டர் மேல் அவற்றை விரித்து வரிசையாக வைத்தோம். ஒவ்வொரு பில்லுக்கும் நடுவில் ஏறக்குறைய ஒன்றரை மாதம். எல்லாவற்றிலும் ஒரே ஒரு மாத்திரை. புழு பொரிந்து வளர்ந்து முட்டையிட வருவதற்கு எவ்வளவு நாள் ஆகுமோ, அதே இடைவெளியில்தான் அவர் கடைக்கு வந்திருக்கிறார். மருந்து ஒவ்வொரு முறையும் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது, இரண்டாவது தவணைதான் ஒரு முறைகூட நடக்கவில்லை. அவர் மேல் தப்பில்லை, அவரிடம் யாரும் சொல்லவில்லை. அதை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. மருந்து எழுதுகிறவர் ஒரு வரி சேர்த்து எழுதினால் போதும், கவுன்டரில் கொடுக்கிறவர் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் போதும்.

ஒரு மாத்திரை போதும் என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்றும் தெரியும். மண்ணிலிருந்து வருகிற உருண்டைப் புழுவுக்கு ஒரே தவணை அல்பெண்டசோல்தான் வழக்கம், பல இடங்களில் பள்ளிகளில் மொத்தமாகக் கொடுப்பதும் அந்தக் கணக்கில்தான். உருண்டைப் புழுவின் முட்டை மண்ணில் வாரக்கணக்கில் கிடந்தால்தான் தொற்றும், ஆளுக்கு ஆள் நேராகத் தாவாது. கீரிப்பூச்சிக்கு மண்ணே தேவையில்லை, கையிலிருந்து வாய்க்குப் போகிற தூரம் போதும். அதனால், "பள்ளிக்கூடத்துலயே மாத்திரை குடுத்துட்டாங்க" என்பது இதற்குப் பதில் ஆகாது.

நான் இப்போது செய்வது இதுதான். கேட்டு வருகிறவரிடம் இரண்டு தவணைக்கும் சேர்த்தே வாங்கச் சொல்கிறேன். இரண்டாவது தவணை அட்டையின் பின்பக்கத்தில் எந்தத் தேதியில் போட வேண்டும் என்று பேனாவால் எழுதிக் கொடுக்கிறேன். அங்கேயே, என் கண் முன்னால், போனில் அலாரம் வைக்கச் சொல்கிறேன். அன்றைக்கு அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாத்திரை போட வேண்டும்.

சொறிகிற பிள்ளைக்கு மட்டும் மருந்து கொடுப்பது

வீட்டில் ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும், ஒரே நாளில். தாத்தா, பாட்டி, பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர், பெரியவர்கள், சின்னவர்கள், அரிப்பு இருப்பவர், இல்லாதவர் எல்லோரும். இந்தப் பூச்சி இருக்கிற பலருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. "எனக்கு ஒண்ணுமில்லையே" என்று சொல்கிற அப்பாவிடமிருந்துதான் பிள்ளைக்கு மறுபடி வந்திருக்கும். இன்றைக்குப் பிள்ளைக்கு, அடுத்த வாரம் அம்மாவுக்கு, அப்பாவுக்கு நேரம் கிடைக்கும்போது என்று பிரித்துப் போட்டால் புழு வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். பிரிந்து வாழும் பெற்றோரிடம் மாறி மாறித் தங்குகிற பிள்ளை என்றால் இரண்டு வீட்டிலும் அதே நாளில் போட வேண்டும். பேசுவதற்குச் சங்கடமாக இருக்கும், ஆனாலும் பேசித்தான் ஆக வேண்டும்.

வயது, கர்ப்பம் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுப்பது

எல்லோருக்கும் என்று சொன்னதும் கைக்குழந்தைக்கும் கொடுத்துவிடாதீர்கள். 2 வயதுக்குக் கீழே, கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், ஈரல் கோளாறு உள்ளவர்கள், இவர்களெல்லாம் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. முக்கியமாக முதல் மூன்று மாதக் கர்ப்பத்தில் இந்த மருந்துகளைத் தவிர்ப்பார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான அளவு அல்பெண்டசோல் என்றால் 400 மி.கி., மெபெண்டசோல் என்றால் 100 மி.கி. பைரண்டெல் மட்டும் எடையைப் பார்த்து, கிலோவுக்கு 11 மி.கி., அதிகபட்சம் 1 கிராம். சிறு பிள்ளைகளை மாத்திரையை மென்று சாப்பிட வைக்கலாம், அல்லது பொடித்துக் கொடுக்கலாம், முழுசாக விழுங்க வைத்துத் தொண்டையில் சிக்க விட வேண்டாம்.

மருந்து எடுக்க முடியாதவர்களுக்குச் சுத்தம் ஒன்றே வழி, அதுவும் 6 வாரம் விடாமல். குடலில் இருக்கிற புழுக்கள் தம் ஆயுள் முடிந்து செத்துவிடும், அதற்குள் புது முட்டை எதுவும் வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் விஷயம்.

விரிப்பை உதறுவது

காலையில் எழுந்ததும் கை தானாகவே செய்கிற வேலை இது. முட்டைகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை, உதறினால் காற்றில் பறந்து அறை முழுக்கப் படியும். விரிப்பை உள்பக்கமாகச் சுருட்டி, மேலோடு அணைக்காமல், நேராகத் துவைக்கிற இடத்துக்குக் கொண்டு போங்கள். மாத்திரை போடுகிற அன்றைக்கு விரிப்பு, தலையணை உறை, இரவு உடை, துண்டு எல்லாவற்றையும் நல்ல சூடான தண்ணீரில் துவைத்து நன்றாகக் காயப் போட வேண்டும். தரையைப் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது.

இன்னொரு பக்கம், பயந்துபோய் வீட்டையே புரட்டிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். சுவர், திரைச்சீலை, புத்தகம் எல்லாவற்றுக்கும் கிருமிநாசினி தெளித்து, இரண்டே நாளில் அலுத்துப்போய், அதோடு தினசரி வேலையையும் விட்டுவிடுகிறார்கள். அத்தனை தேவையில்லை. இரண்டு வாரம் தினமும் உள்ளாடையும் இரவு உடையும் மாற்றினால், காலையில் எழுந்ததும் பின்பக்கத்தைச் சோப்புப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால், ராத்திரி இட்ட முட்டைகளில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். குளியலை மாலைக்குத் தள்ளி வைக்கிற பழக்கம் இருந்தால் இந்த இரண்டு வாரத்துக்காவது மாற்றிக்கொள்ளுங்கள். தொட்டியில் பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்துக் குளிப்பாட்ட வேண்டாம். ஆளுக்கொரு துண்டு.

ராத்திரி இறுக்கமான உள்ளாடை போட்டுப் படுக்க வைத்தால் தூக்கத்தில் விரல் நேராகத் தோலுக்குப் போகாது.

சானிடைசரை நம்புவது

ஆல்கஹாலுக்கு இந்த முட்டைகள் அவ்வளவு எளிதில் சாவதில்லை. சோப்பு, தண்ணீர், நக இடுக்கு.

நாய், பூனை மேல் பழி போடுவது

இது மனிதர்களிடமிருந்து மனிதர்களுக்கு மட்டுமே வருவது.

பெண் குழந்தையின் அரிப்பை வேறு நோய் என்று நினைப்பது

ராத்திரி வெளியே வருகிற புழு சில சமயம் முன்பக்கம் போய்விடும். அப்போது பிறப்புறுப்பில் அரிப்பு, சிவப்பு, கொஞ்சம் வெள்ளைப்படுதல், சிறுநீர் போகும்போது எரிச்சல் எல்லாம் வரலாம். சிறுநீர்த் தொற்று என்று ஆன்டிபயாடிக், அது கேட்கவில்லை என்று களிம்பு, அப்புறம் இன்னொரு களிம்பு என்று போய்க்கொண்டிருக்கும். ராத்திரியில் அரிப்பு கூடுகிறதா என்று பாருங்கள், அதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். பெரியவர்களின் படர்தாமரைக் களிம்பை எடுத்துப் பிள்ளைக்குத் தடவ வேண்டாம்.

பிள்ளையைத் திட்டுவது

இதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கடையிலேயே, மற்றவர்கள் முன்னால், "அசிங்கம் பிடிச்சவன், கையை எங்க வைக்கிறான் பாருங்க" என்று பிள்ளையைச் சொல்கிற பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். நாலு ஐந்து வயதுப் பிள்ளை தலை குனிந்து நிற்கும். எவ்வளவு சுத்தமான வீட்டிலும் இது வரும், வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையின் பென்சில் வழியாகவும் வரும். தூக்கத்தில் சொறிவது பிள்ளைக்குத் தெரியவே தெரியாது. திட்டு வாங்கிய பிள்ளை அடுத்த முறை அரிப்பு வந்தால் வாய் திறக்காது, அதற்குள் வீட்டில் எல்லோருக்கும் பரவியிருக்கும். பள்ளிக்கூடத்தை நிறுத்தவும் தேவையில்லை. ஆனால் வகுப்பாசிரியரிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

மறுபடி வந்தால் மருந்தின் அளவைக் கூட்டுவது

வீட்டில் எல்லோரும் இரண்டு தவணையும் ஒழுங்காக எடுத்த பிறகும் சில மாதம் கழித்து வந்தால், பெரும்பாலும் அது வெளியிலிருந்து வந்த புதிய தொற்றுதான். அதே மருந்து, அதே அளவு, எல்லோருக்கும் இரண்டு தவணை என்று மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அடிக்கடி வந்துகொண்டே இருந்தாலோ, வயிற்றின் வலது கீழ்ப்பக்கம் வலி, காய்ச்சல், மலத்தில் இரத்தம், சொறிந்த இடத்தில் சீழ், எடை குறைவது என்று ஏதாவது இருந்தாலோ கடைக்கு வராதீர்கள், நேராக மருத்துவரிடம் போங்கள்.