விண்கலப் பொறியியலாளருக்கு வர்ணம் தீட்டுதல்

மேசை விளையாட்டுக்கான விண்கலக் குழுவொன்றின் சிறு உருவங்களில் தலைவரையும் துப்பாக்கி ஏந்தியவரையும் நிற்கும் தோரணையிலேயே கண்டுகொள்ளலாம். பொறியியலாளரைக் காட்டிக்கொடுப்பவை அவரது கருவிகளும் உடையில் படிந்த அழுக்குமே. ஆகையால், 28 மில்லிமீற்றர் அளவுள்ள மினியேச்சரில் (சிறு உருவத்தில்) அழுக்கு எங்கே படியும், எங்கே படியாது என்று தீர்மானித்துக்கொண்ட பிறகே தூரிகையை எடுக்க வேண்டும். கொழும்பின் பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகங்களைக் கழற்றிப் பூட்டுபவர்களைச் சற்று நின்று கவனித்தால் இது விளங்கிவிடும்: முழங்காலும் சட்டைக்கையின் விளிம்பும் கை துடைக்கும் தொடைப்பக்கமும் கறுத்திருக்க, தோளும் முதுகும் வெயிலில் வெளிறியிருக்கும்.

உருவம் ரெசினால் (வார்ப்புப் பிசினால்) ஆனதென்றால் சவர்க்கார நீரில் கழுவிக் காயவிடுங்கள். வார்ப்பு அச்சு விட்டுச்சென்ற கோடுகளைக் கத்தியின் முதுகுப்பக்கத்தால் சுரண்டிவிடுங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் ஸ்பிரே பிரைமர் (வர்ணத்துக்கு முன் இடும் அடிப்பூச்சு) சொரசொரப்பாகவோ வெண்படலமாகவோ படிந்துவிடக்கூடும் என்பதால், மழை இல்லாத, காற்று உலர்ந்திருக்கும் நேரம் வாய்க்காவிட்டால் தூரிகையால் பூசும் பிரைமரே நம்பகமானது. மின்விசிறியின் கீழே அக்ரிலிக் வர்ணம் தட்டிலேயே காய்ந்துபோகும். இதைத் தவிர்க்க, மூடியுள்ள பெட்டியில் நனைத்த ஸ்பொஞ்சை விரித்து, அதன்மேல் கேக் சுடும்போது போடும் பேக்கிங் தாளை வைத்து, அதிலே வர்ணத்தைக் கலக்கலாம். பூஞ்சணம் பிடிக்காதிருக்க நீரை அடிக்கடி மாற்றுங்கள்.

மேசையின் மறுபுறத்திலிருந்தும் ஆளை இனங்காண வேண்டுமென்பதால் வேலையுடைக்குச் செம்மஞ்சளையோ மஞ்சளையோ பரிந்துரைப்பேன். குழுவினர் அனைவருக்கும் பொதுவான ஒரு நிறத்தை இடைப்பட்டியில் மட்டும் வைத்தால் போதும். மஞ்சள் கறுப்பை எளிதில் மூடாது. முதலில் வெளிர் கபிலத்தைப் பூசி, அதன்மேல் நீர் கலந்த மஞ்சளை மெல்லியதாக இரண்டு முறை பூசுங்கள். கருவிப்பெட்டியின் எச்சரிக்கைப் பட்டைகளுக்கும் இதே ஒழுங்குதான்: மஞ்சள் முதலில், சாய்ந்த கறுப்புக் கோடுகள் பின்னர். உடை காய்ந்ததும் கபில நிற வாஷை (பள்ளங்களில் தேங்கும் நீர்த்த வர்ணத்தை) மடிப்புகளுக்குள் மட்டும் விடுங்கள். முழு உருவத்தையும் அதில் குளிப்பாட்டினால் முதுகுக்கும் முழங்காலுக்கும் வேறுபாடே இல்லாமற் போய்விடும்.

கருவிகளில்தான் நேரத்தைச் செலவிட வேண்டும். கரிய உருக்கு நிறத்தின்மேல் கறுப்பு வாஷை விட்டு, அது காய்ந்தபின் ஸ்பானரின் வாய் விளிம்பிலும் கை பிடிக்கும் இடத்திலும் மட்டும் வெள்ளி நிறத்தைத் தொட்டுவையுங்கள். தேய்கின்ற இடமே மின்னும். அவர் கையில் வெல்டிங் டோர்ச் இருந்தால், அதன் உருக்கு முனைக்கு மிக அருகில் நீலம், அடுத்து ஊதா, அதற்கப்பால் வைக்கோல் மஞ்சள் என மெல்லிய பூச்சுகளை இடுங்கள். சூடேறிய உருக்கு அந்த வரிசையில்தான் நிறம் மாறும், ஆனால் பலர் அதைத் தலைகீழாகத் தீட்டிவிடுகிறார்கள். உலோக வர்ணத்தின் துகள்கள் மற்ற நிறங்களில் கலந்து மினுங்காதிருக்க, தூரிகை கழுவும் நீரை மாற்றிக்கொள்ளுங்கள்.

இறுதியாக மெட் (பளபளப்பற்ற) வார்னிஷை முழுவதும் பூசி நன்கு காயவிட்ட பின்னரே எண்ணெய்க் கறைகளை இடவேண்டும். முன்னதாக இட்டால் அவற்றின் ஈரப் பளபளப்பை வார்னிஷ் மழுக்கிவிடும். கடும் கபிலத்தில் சிறிது கிளொஸ் (பளபளப்பான) வார்னிஷைக் கலந்து, முழங்காலிலும் கையுறையின் விரல் நுனிகளிலும் சிறு புள்ளிகளாக வையுங்கள். கண்ணாடி வில்லைகளுக்கும் அதே கிளொஸ் வார்னிஷில் ஒரு துளி போதும்.