மெடீவல் 2: டோட்டல் வார் – குதிரைப்படையை வீணாக்கும் தவறுகள்

2006இல் வந்த, இடைக்காலப் போர்களை நடத்தும் கம்ப்யூட்டர் கேம் இது. இன்னும் புதிதாக ஆடத் தொடங்குபவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் பெரும்பாலானோர் தடுக்கி விழுவது நைட்டுகள் (கவசமணிந்த குதிரைவீரர்கள்) விஷயத்தில்தான். காசைக் கொட்டி ஃபியூடல் நைட்ஸ் சேர்த்து எதிரிமேல் ஏவுவார்கள். குதிரைகள் போய் முட்டி நிற்கும், ஆளுக்கு ஆள் வாளை வீசிக்கொண்டிருக்கும், நாலைந்து பேர்தான் விழுந்திருப்பார்கள். அதே யூனிட்டை (படைப்பிரிவை) சரியாக ஏவினால் முதல் மோதலிலேயே எதிரியின் முன்வரிசை மொத்தமாகச் சாய்ந்துவிடும்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் யூனிட் விவரத்தில் தனியாகத் தெரியும் சார்ஜ் போனஸ், அதாவது பாய்ந்து மோதும்போது கிடைக்கும் கூடுதல் தாக்குபலம். அது வேலை செய்வது மோதும் அந்தச் சில நொடிகளுக்கு மட்டும். அதற்கு முன் செய்யும் பிழைகளும் அதற்குப் பின் செய்யும் பிழைகளும்தான் நைட்டுகளைக் கொல்கின்றன.

முதல் பிழை மவுஸில் தொடங்குகிறது. எதிரிமேல் டபுள் ரைட் கிளிக் அடித்தால் நைட்டுகள் நின்ற இடத்திலிருந்தே ஓட ஆரம்பிப்பார்கள். தூரம் அதிகமென்றால் வரிசை பிசகும், சிலர் முன்னால் போவார்கள், சிலர் பின்தங்குவார்கள், ஒவ்வொருவராகப் போய் மோதுவார்கள். அதனால் முதலில் யூனிட்டை எதிரிக்கு நேராக, கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள். எல்லாக் குதிரைகளும் வந்து வரிசையில் சேரும்வரை காத்திருங்கள். பிறகு ஒரே ஒரு ரைட் கிளிக். மெதுவாகக் கிளம்பும் படை நெருங்கியதும் தானே வேகமெடுக்கும். கேமராவைக் கீழே இறக்கிப் பாருங்கள்: அதுவரை வானத்தைப் பார்த்து நின்ற ஈட்டிகள் முன்வரிசையில் ஒன்றாகச் சேர்ந்து தாழும். ஈட்டி தாழ்ந்துவிட்டால் சார்ஜ் சரியாகப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். தாழாமல் போய் மோதினால் அது வெறும் கைகலப்பு. ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டு தாக்கச் சொன்னாலும் இதே கதைதான், நைட்டுகள் ஈட்டியை விட்டுவிட்டு வாளை எடுத்துவிடுவார்கள். ஒட்டி நின்று சண்டை போடும்போது ஆல்ட் நல்லது, சார்ஜுக்கு ஆகாது.

களைப்பையும் பலர் கவனிப்பதில்லை. மேப்பின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு ஓடவிட்டு, அப்படியே எதிரிமேல் விடுவார்கள். யூனிட் கார்டின்மேல் மவுஸை வைத்தால் படை எவ்வளவு களைத்திருக்கிறது என்று தெரியும். நடக்க நேரமிருந்தால் நடக்க விடுங்கள்.

எங்கே மோதுவது என்பது அடுத்த கேள்வி. வேல் பிடித்த காலாட்படைமேல் நேருக்கு நேர் போகவே கூடாது. நெடுவேல் வரிசை என்றால் இன்னும் மோசம். இதை ஐரோப்பா ரத்தம் சிந்தித்தான் கற்றுக்கொண்டது. 1302 ஜூலை 11 அன்று, இன்றைய பெல்ஜியத்தில் உள்ள கோர்ட்ரையில் பிரெஞ்சு நைட்டுகள் ஃபிளெமிஷ் நகரத்துக் காலாட்படைமேல் பாய்ந்தார்கள். வழியில் இருந்த ஓடைகளும் பள்ளங்களும் வேகத்தைக் குறைத்தன, எதிரே வேல் வரிசை அசையாமல் நின்றது. படைக்குத் தலைமை தாங்கிய ஆர்ட்வா பிரபு ராபர்ட்டும் அங்கேயே மாண்டார். கேமிலும் காடு, மேட்டுநிலம் எல்லாம் சார்ஜைக் கெடுக்கும். ஆங்கிலேய லாங்போ (நெடுவில்) வீரர்கள் நட்டுவைக்கும் கூர்முனைக் கழிகள் இன்னொரு பொறி. 1415இல் பிரான்சின் அஜின்கோரில் பிரெஞ்சுக் குதிரைப்படையைத் தடுத்தவற்றில் சேறும் இந்தக் கழிகளும் முக்கியமானவை. போர் தொடங்கும் முன் வில்லாளர் வரிசைக்கு முன்னால் கழிகள் இருக்கின்றனவா என்று ஒருமுறை ஜூம் செய்து பார்த்துவிடுங்கள். இருந்தால் சுற்றிப் போய்ப் பக்கவாட்டில் தாக்குங்கள்.

வேல்காரர்களையும் உடைக்க வழி உண்டு. உங்கள் காலாட்படை முன்னால் பிடித்து நிறுத்தட்டும், நைட்டுகள் பின்பக்கமாகச் சுற்றி வந்து முதுகில் இறங்கட்டும். உயிர்ச்சேதத்தைவிட மனவுறுதி உடைவதே இதில் பெரிய லாபம், பின்னாலிருந்து அடி விழுந்தால் எதிரி சீக்கிரம் ஓடுவான். அவசரப்பட்டு காலாட்படை மோதும் முன்பே குதிரைகளை விட்டுவிடாதீர்கள். எதிரியின் கவனம் முழுக்க முன்னால் திரும்பியிருக்க வேண்டும்.

இனி எல்லாவற்றிலும் அதிகம் நடக்கும் தவறு: மோதியபின் அப்படியே விட்டுவிடுவது. வேகம் போனபின் நைட்டும் ஒரு விலையுயர்ந்த வாள்வீரன்தான், சுற்றி வளைத்தால் குதிரையோடு சாய்வான். மோதல் அடங்கியதும் பின்னால் காலி நிலத்தில் டபுள் கிளிக் அடித்து வெளியே இழுங்கள், வரிசைப்படுத்துங்கள், திரும்ப ஏவுங்கள். சிலுவைப் போரின்போது, 1191 செப்டம்பர் 7 அன்று, பாலஸ்தீனக் கரையோரத்து அர்சூஃபில் ஹாஸ்பிடலர் என்ற கிறிஸ்தவத் துறவி அமைப்பின் நைட்டுகள் உத்தரவுக்குக் காத்திராமல் பாய்ந்துவிட்டார்கள். இங்கிலாந்து மன்னர் ரிச்சர்ட் வேறு வழியின்றி மற்றவர்களையும் ஏவினார். ஆனால் துரத்திக்கொண்டே போக விடாமல் படையைத் தடுத்து, மறுபடி அணிவகுத்து, மறுபடி பாயவைத்தார். எதிரே நின்ற சுல்தான் சலாவுதீனின் படை பின்வாங்க வேண்டியதாயிற்று. கேமில் இரண்டு யூனிட் வைத்திருந்தால் இன்னும் சுலபம்: ஒன்று வெளியே வரும்போது மற்றது உள்ளே போகட்டும், எதிரிக்கு மூச்சுவிட நேரமே இருக்காது. வெளியே வரும்போது கொஞ்சம் பேர் சாவார்கள், அதற்குப் பயந்து உள்ளேயே விட்டுவைத்தால் அதைவிட அதிகம் பேர் சாவார்கள்.

ஜெனரலின் மெய்க்காப்பாளர்கள் பலமான குதிரைப்படை என்பதால் முதல் சார்ஜுக்கே அவர்களை அனுப்பும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். ஜெனரல் செத்தால் மொத்தப் படையின் மனவுறுதியும் சரியும். எதிரி தள்ளாடும்போது கடைசி அடி கொடுக்க அவரை வைத்துக்கொள்ளலாம். கோட்டைக்குள் தெருச் சண்டையில் நைட்டுகளை நெருக்கி அடைப்பதும் வேண்டாம், அங்கே வேகமெடுக்க இடமே கிடையாது.

எதிரி ஓடத் தொடங்கியதும் கனமான நைட்டுகளை அடுத்த இலக்குக்குத் திருப்பிவிட்டு, ஹாபிலர் போன்ற இலகுவான குதிரைப்படையைத் துரத்த அனுப்புங்கள். தப்பிப்பவர்கள் மீண்டும் ஒன்றுசேர்ந்து திரும்பி வரலாம். பிடிபட்டவர்கள் கைதிகளாவார்கள், அவர்களுக்குப் பணயத்தொகை கேட்கலாம். எதிரி கொடுக்கச் சம்மதித்தால், அடுத்த நைட் யூனிட்டுக்கான காசில் ஒரு பங்கு அங்கேயே வந்துவிடும்.