டன் பார்த்து ஜாக் வாங்காதீர்கள்: பழைய கார்க்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜாக் வாங்கக் கடைக்குப் போனால் முதல் கேள்வி "எத்தனை டன்?" என்பதுதான். பழைய காருக்கு அது கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். மாருதி 800இன் மொத்த எடையே சுமார் 650 கிலோ. ஒரு சக்கரத்தைத் தரையிலிருந்து எடுக்கும்போது ஜாக்கின் மேல் வருவது அதில் பாதிகூட இல்லை. அம்பாசிடர் ஒரு டன்னுக்கு மேல் என்றாலும் கணக்கு அதேதான், 2 டன் ஜாக் தாராளம். 5 டன் ஜாக்கைத் தூக்கி டிக்கியில் போட்டால் கூடுவது டிக்கியின் எடை மட்டுமே. சாலையோரத்தில் கையை விரிக்க வைப்பது டன் அல்ல, உயரம்.

காற்றிருக்கும் டயரோடு அளப்பது

வீட்டு முற்றத்தில் நான்கு டயரிலும் காற்று நிறைந்திருக்கும்போது டேப் வைத்து அளந்துவிட்டு ஜாக் வாங்குவதுதான் மிகப் பெரிய தவறு. பஞ்சரானதும் கார் இறங்கிவிடும். மாருதி 800இன் 145/70 ஆர் 12 டயரில் பக்கச்சுவர் சுமார் 10 செ.மீ. காற்று முழுக்கப் போனால் ரிம் கிட்டத்தட்ட ரப்பரின் மேலேயே உட்காரும், கார் அந்த மூலையில் 4 முதல் 5 செ.மீ. இறங்கும். அம்பாசிடரின் 5.90-15 டயருக்குப் பக்கச்சுவர் இன்னும் உயரம், அதனால் இறக்கமும் கூடுதல். பட்டை ஸ்பிரிங் (லீஃப் ஸ்பிரிங்) தளர்ந்துபோன பழைய வண்டி ஏற்கெனவே தாழ்ந்துதான் நிற்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் அழுத்தத்தில் தண்டு நேராக மேலெழும் 2 டன் பாட்டில் ஜாக்குகள் பல, முழுக்க இறக்கிய நிலையிலேயே 15 முதல் 18 செ.மீ. உயரம் இருக்கும். காற்றிறங்கிய காரின் கதவடி விளிம்புக்குக் கீழே அது நுழையாமல் போகலாம். அப்போது பாறாங்கல்லின் மேல் வண்டியை ஏற்றி இடம் உண்டாக்க வேண்டிய நிலை வரும். மழையில் அதைச் செய்ய யாரும் விரும்ப மாட்டார்கள்.

ஆகவே இரண்டு அளவு எடுங்கள். முதலாவது, ஒரு டயரின் காற்றை முழுக்க இறக்கிவிட்டு, ஜாக் வைக்கும் இடத்துக்கும் தரைக்கும் இடையிலான உயரம். ஜாக்கின் தாழ்ந்த உயரம் இதைவிட 2 செ.மீ.யாவது குறைவாக இருக்க வேண்டும், அடியில் பலகை வைக்கவும் இடம் வேண்டுமே. இரண்டாவது, காற்றடித்த ஸ்டெப்னி உள்ளே நுழைய அதே இடம் எவ்வளவு மேலே போக வேண்டும் என்பது. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கதவடி விளிம்பில் தூக்கும்போது பாடி முதலில் எழும், சக்கரம் தொங்கிக்கொண்டே கீழே நிற்கும். நீளமான பட்டை ஸ்பிரிங் உள்ள அம்பாசிடர், பத்மினி, ஆம்னியின் பின்சக்கரத்தில் இது நன்றாகவே தெரியும். ஜாக் உச்சிக்குப் போய்விடும், டயர் தரையை விட்டிருக்காது.

இத்தகைய வண்டிகளின் பின்பக்கம், இரு சக்கரங்களையும் இணைக்கும் ஆக்ஸில் குழாயின் அடியில், பட்டை ஆக்ஸிலோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில், பாட்டில் ஜாக் வைத்தால் சக்கரம் உடனே எழும். பாதி உயரமே போதும். நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் (இரு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பகுதி) உருண்டையின் அடியில் மட்டும் வேண்டாம். அங்கே வைத்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து எழுந்து, வண்டி ஒற்றைப் புள்ளியில் ஆடும்.

எந்த ஜாக், எதற்கு

மாருதி 800, ஜென் போன்ற சின்னக் கார்களுக்கு, திருகைத் திருப்பினால் கத்தரிபோல மடங்கி விரியும் நல்ல சிசர் ஜாக்கே போதும். இறக்கினால் 10 செ.மீ. அளவுக்குத் தாழும், தலையில் விளிம்புத் தகடு உட்காரும் பள்ளம் இருக்கும், படுக்கப் போட்டாலும் எண்ணெய் ஒழுகாது. ஆக்கர் கடையில் (பழைய இரும்புக் கடையில்) வேறு காரின் சிசர் ஜாக் மலிவாகக் கிடைக்கும். வாங்குவதானால் திருகை முழு நீளத்துக்கும் ஓட்டிப் பாருங்கள். நடுவில் எங்காவது இறுகினாலோ, கைகள் ஒருபக்கம் சாய்ந்து எழுந்தாலோ அது இரும்பு விலைக்கே லாயக்கு. திருப்பும் கம்பியையும் கேட்டு வாங்குங்கள். கம்பியில்லாத ஜாக்கைத் தவறாமல் எல்லோரும் ஒருமுறையாவது வாங்கிவிடுகிறார்கள்.

பாட்டில் ஜாக்கின் தலை சின்ன வட்டம். கதவடி விளிம்பின் மடிப்புத் தகட்டில் அதை நேரடியாக வைத்தால் வழுக்கும், அல்லது தகட்டை மடக்கிவிடும். ஆக்ஸிலுக்கும் கனமான சட்டத்துக்கும் அது பொருத்தம். உச்சியில் கையால் திருகி நீட்டும் தண்டு இருக்கும். தூக்கத் தொடங்குவதற்கு முன்பே அதை நீட்டிக்கொள்ள வேண்டும், பாரம் ஏறிய பிறகு திருகாது. டிக்கியில் நிமிர்த்தி, பெல்ட்டோ கயிறோ கட்டி வையுங்கள். சாய்ந்து கிடந்தால் எண்ணெய் கசிந்து உள்ளே காற்று புகும், பம்ப் அடித்தால் ஸ்பாஞ்சுபோல அமுங்கும், எழாது. எண்ணெய் குறைந்தால் ஜாக்குக்கான ஹைட்ராலிக் எண்ணெயை மட்டும் ஊற்றுங்கள். கைக்குக் கிடைத்தது என்று பிரேக் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊறி உப்பிக் கெட்டுப்போகும்.

சக்கரம் வைத்து உருட்டும் ட்ராலி ஜாக் ஒர்க்‌ஷாப்புக்கும் வீட்டுக் கான்கிரீட் தளத்துக்கும் அருமையானது. அதன் கை வளைவாக எழுவதால் ஜாக் கொஞ்சம் உருண்டு நகர வேண்டும். செம்மண்ணிலோ ஜல்லியிலோ அந்தச் சின்னச் சக்கரங்கள் புதையும், உருளாது, வண்டி இழுபட்டு ஜாக்கின் தலையிலிருந்து நழுவும். சானல் (கால்வாய்) கரைச் சாலையின் ஓரத்தில் இதை நம்பாதீர்கள்.

சிகரெட் லைட்டர் துளையில் சொருகும் 12 வோல்ட் மின் ஜாக்குக்கு நல்ல பேட்டரியும் தரமான வயரிங்கும் வேண்டும். பழைய வண்டியில் ஃபியூஸ் போவதுதான் முதலில் நடக்கும். புகைக்குழாயில் மாட்டி ஊதும் பை ஜாக், சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்த வண்டியில் உப்பவே உப்பாது.

துருவை மறப்பது

எங்கள் குமரி மாவட்டத்தில் கொளச்சல், முட்டம், கன்னியாகுமரி எனக் கடலோரத்தில் ஓடும் வண்டிகளுக்கு உப்புக்காற்று, கடலை விட்டு உள்நாட்டுப் பக்கம் வந்தால் ஆண்டில் இரண்டு பருவமழை. கதவடி விளிம்பு வெளியே பெயின்ட்டோடு பளபளக்கும், உள்ளே பொரிந்திருக்கும். ஜாக் வாங்கும் முன் ஜாக் வைக்கும் நான்கு இடங்களையும் திருப்புளியின் பிடியால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் சரி, சப்பென்று கேட்டாலோ செதில் உதிர்ந்தாலோ அங்கே வைக்கக் கூடாது. வைத்தால் ஜாக் தகட்டைத் துளைத்துக்கொண்டு மேலேறும், கார் அப்படியே நிற்கும். வெல்டிங் ஆகும் வரை ஆக்ஸில் அல்லது கனமான சட்டத்தில் தூக்கும் ஜாக்கையே வைத்துக்கொள்ளுங்கள்.

வெறும் தரையில் வைப்பது

ஜாக்கோடு பலகையும் வாங்க வேண்டியதுதான். 30 செ.மீ. சதுரம், 2 செ.மீ.க்குக் குறையாத தடிமன். மரைன் பிளைவுட் அல்லது நல்ல அயனி மரப் பலகை போதும். ரப்பர் மரம் இங்கே எளிதாகக் கிடைக்கும் என்றாலும் ஈரத்தில் சீக்கிரம் உளுத்துவிடும். செங்கல் வேண்டவே வேண்டாம், பாரம் ஏறியதும் நொறுங்கும். கூடவே மரத்தில் வெட்டிய முக்கோணக் கட்டை இரண்டு.

கட்டை எதற்கு என்றால், குலசேகரம், திருவட்டாறு பக்கம் சமதளச் சாலை கிடைப்பது அபூர்வம். கியரில் போட்டிருக்கிறோம் என்ற தைரியம் போதாது. பின்சக்கரம் இழுக்கும் அம்பாசிடரில் பின்சக்கரம் ஒன்றைத் தூக்கியதும், டிஃபரன்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் ஒருபக்கமும் தரையிலுள்ளது மறுபக்கமும் சுழலலாம். கியர் எதையும் பிடிக்காது. மாருதி 800இல் முன்சக்கரத்தைத் தூக்கும்போது இதே கதைதான். கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, தூக்கும் சக்கரத்துக்குக் குறுக்கே எதிர்மூலையிலுள்ள சக்கரத்தின் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்று காலத்தில் ஆம்னிபோன்ற உயரமான வண்டியைத் தூக்க நேர்ந்தால், முன்புறத்தைக் காற்றுக்கு எதிராக நிறுத்துங்கள். பக்கவாட்டில் அடிக்கும் காற்று ஜாக்கின் மேலிருக்கும் வண்டியை ஆட்டும்.

மார்த்தாண்டம் மேம்பாலத்தில் பஞ்சரானால் அங்கே ஜாக்கை எடுக்காதீர்கள். டயர் போனால் போகட்டும், மெதுவாக உருட்டிப் பாலத்தைவிட்டு இறங்குங்கள்.

நட்டைக் கடைசியில் நினைப்பது

பஞ்சர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிய நட், கூடவந்த குட்டி எல்-ஸ்பானருக்கு அசையாது. உங்கள் நட்டுக்குப் பொருந்தும் சாக்கெட்டும், அதில் மாட்ட அரை மீட்டர் ஜி.ஐ. பைப்பும் ஜாக்கோடு இருக்கட்டும். சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒவ்வொரு நட்டையும் அரைச் சுற்று தளர்த்தி, பிறகே தூக்குங்கள். தூக்கிவிட்டு நட்டோடு மல்லுக்கட்டினால் ஜாக் சரியும். கழற்றிய சக்கரத்தைக் கதவடியில் படுக்கப் போட்டு வையுங்கள், ஜாக் நழுவினாலும் கார் அதன்மேல் விழும். எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி இறுக்கி, இறக்கிய பின் மறுபடி ஒரு சுற்று இறுக்குங்கள்.

வாங்கிய வாரமே வீட்டு முற்றத்தில் ஒரு சக்கரத்தை முழுக்கக் கழற்றி மாட்டிப் பாருங்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும்.