ஊட்டி மலை ரயில்: எந்தப் பெட்டி, எந்த மாதம்?

மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10க்குக் கிளம்பும் ரயிலுக்கு, முன்பதிவு திறந்த அன்றே டிக்கெட் எடுத்துவிடுங்கள். கோடை விடுமுறைக்குச் சட்டென்று தீர்ந்துவிடும். ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். அதனால் முதல் பெட்டியில் இடம் கிடைத்தால் விடாதீர்கள், பாதையும் குகைப்பாதைகளும் மறைப்பில்லாமல் தெரியும். கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரப் பாதை, அதாவது எஞ்சினின் பல்சக்கரம் நடுவிலுள்ள பல் தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்து ஏறும். பயணத்தின் உயிரே அங்கேதான். இறங்கும் ரயில் இன்னும் சீக்கிரம் வந்துவிடும் என்றாலும், ஏறும் பயணமே அழகு.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்சரிவால் ரயில் அடிக்கடி ரத்தாகும். டிக்கெட் கிடைக்காவிட்டால் குன்னூர்–ஊட்டி ரயிலைப் பிடியுங்கள். சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு இ-பாஸ் (ஆன்லைனில் எடுக்கும் நுழைவு அனுமதி) அவசியம். ஸ்வெட்டரைக் கைப்பையிலேயே வையுங்கள், குன்னூர் தாண்டினால் குளிரும்.