பிரிண்ட்ல புள்ளி காணாம போகுதா? எழுத்தை எழுத்தாவே அனுப்புங்க

சந்தூர்ல எங்க மாமா நர்சரி வச்சிருக்காரு, கிருஷ்ணகிரி பக்கத்து ஆளுங்களுக்கு சந்தூர்னாலே ஒட்டு மாங்கன்னுதான்னு சொல்லவே வேணாம். கன்னுக்கு கன்னு ரகம் பேர் போட்டு ஒரு சின்ன டேக் கட்டணும், அதை வீட்டு பிரிண்டர்லயே நான் அடிச்சு குடுக்கறேன். முதல் தடவை அடிச்சதை பார்த்துட்டு மாமா, "என்ன மாப்ள, செந்தூரா செநதூராவா இருக்கு"ன்னாரு. கண்ணுகிட்ட வச்சு பார்த்தா நெஜம்தான், 'ந்' மேல புள்ளி இருக்க வேண்டிய எடத்துல சாம்பல் கலர்ல ஒரு மங்கல், பங்கனப்பள்ளியில 'ன'வோட சுழி ரெண்டும் ஒண்ணா அடைஞ்சு போச்சு. தமிழ்ல புள்ளி போனா எழுத்தே வேற ஆயிடும், அதனாலதான் இதை இவ்ளோ வெவரமா எழுதறேன்.

பிரிண்டர் மேல தப்பே இல்ல. நான் டேக்கை போன்ல டிசைன் பண்ணி ஜேபெக்கா சேவ் பண்ணி, வாட்ஸ்அப்ல கம்ப்யூட்டருக்கு அனுப்பி, அந்த படத்தை அடிச்சிருந்தேன். அங்கதான் எழுத்து செத்துச்சு.

ஏன்னா ட்ரூடைப், ஓப்பன்டைப்னு சொல்றாங்களே, அதெல்லாம் அவுட்லைன் ஃபான்ட். அதுக்குள்ள எழுத்தோட ஓரம் எங்க வளையுது, எங்க நிமிருதுன்னு கோடு கணக்காதான் இருக்கு, கட்டம் கட்டமா இல்ல. அதனால பிரிண்டர்கிட்ட போனதும் அதோட டிபிஐக்கு, அதாவது ஒரு இன்ச்சுல எத்தனை புள்ளி வைக்குதோ அதுக்கு ஏத்த மாதிரி புதுசா வரைஞ்சுக்கும். 8 பாயிண்ட் எழுத்தை எடுத்துக்கோங்க, ஸ்க்ரீன் கணக்குல 96 டிபிஐல அதுக்கு கிடைக்கிற உயரம் கிட்டத்தட்ட 11 பிக்ஸல், 600 டிபிஐ பிரிண்டர்லயோ 67 புள்ளி. 11 பிக்ஸலுக்குள்ள 'ந்' மேல இருக்கற புள்ளிக்கு எவ்ளோ எடம் கிடைக்கும்னு நீங்களே பாருங்க. அந்த ஸ்க்ரீன் அளவுல படமா மாத்திட்டா அந்த 11 பிக்ஸலைத்தான் பிரிண்டர் இழுத்து பெருசாக்கும், எவ்ளோ காஸ்ட்லி பிரிண்டரா இருந்தாலும் இல்லாத ஓரத்தை அதால கொண்டு வர முடியாது.

அதனால டேக், பில், நோட்டீஸ் எதுவா இருந்தாலும் வேர்டுலயோ லிப்ரேஆபீஸ்லயோ டைப் பண்ணுங்க, பெயின்ட் வேணாம், ஸ்க்ரீன்ஷாட் வேணவே வேணாம். ஃபான்ட்டுக்கு நான் சொல்றது நோட்டோ சான்ஸ் தமிழ், ஃப்ரீயா கிடைக்குது, போல்டுக்கு தனியா வரைஞ்ச எழுத்து இருக்கு. போல்டே இல்லாத ஃபான்ட்ல போல்டு பட்டனை அமுக்கினா மென்பொருள் தானா கோட்டை தடிப்பாக்கும், அதுல சுழியெல்லாம் மூடிக்கும். விண்டோஸ்ல வர்ற லதா, நிர்மலாவும் அவுட்லைன்தான், தாராளமா போடலாம். ஃபான்ட் ஃபைல் முடிவுல டிடிஎஃப்னோ ஓடிஎஃப்னோ இருந்தா சரி, எஃப்ஓஎன்னு முடிஞ்சா பழைய விண்டோஸ் ஃபான்ட், பெரும்பாலும் பிட்மேப், அதாவது கட்டம் கட்டமா இருக்கற எழுத்து, விட்டுடுங்க.

கடையில குடுத்து அடிக்கணும்னா பிடிஎஃப் ஆக்கி குடுங்க. வேர்டுல பிடிஎஃப்பா சேவ் பண்ணும்போது ஆப்ஷன்ஸ்ல, ஃபான்ட்டை உள்ள வைக்க அனுமதி இல்லன்னா எழுத்தை பிட்மேப் ஆக்குன்னு ஒரு டிக் இருக்கும். லைசென்ஸ் ஒத்துக்காத ஃபான்ட்டா இருந்தா உங்களுக்கு தெரியாமயே எழுத்து படமாயிடும், நோட்டோ போட்டா அந்த தொல்லை இல்ல. பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்ச ஃபைலை பிடிஎஃப் ஆக்காம அப்படியே குடுத்தீங்கன்னா, அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல வெறும் இங்கிலீஷ் எழுத்தா கொட்டிக்கிட்டு நிக்கும். வாட்ஸ்அப்ல அனுப்பினா டாக்குமென்ட்டா அனுப்புங்க, போட்டோவா வேணாம்.

சரியா வந்திருக்கான்னு பார்க்க ஒரு வழி, பிடிஎஃப்பை 800 பர்சென்ட் ஸூம் பண்ணி ஒரே ஒரு 'ழ'வை பாருங்க. ஓரம் வழுவழுன்னு இருந்தா அவுட்லைன், படிக்கட்டு மாதிரி தெரிஞ்சா படம். அடோபி ரீடர்ல கண்ட்ரோல் டி அமுக்கினா ஃபான்ட்ஸ்ங்கற பக்கத்துல ஃபான்ட் பேரும், அது ஃபைலுக்குள்ளயே இருக்குன்னா எம்பெடட்னும் வரும், அங்க காலியா இருந்தா எழுத்தே உள்ள இல்லன்னு அர்த்தம்.

பிரிண்ட் குடுக்கும்போது அதே ரீடர்ல அட்வான்ஸ்டு போய் பிரிண்ட் ஆஸ் இமேஜ் டிக் எடுத்துடுங்க, இது இருந்தா இதுவரைக்கும் பண்ணதெல்லாம் வீண். ட்ராஃப்ட் மோடு, டோனர் சேவ் ரெண்டும் ஆஃப். எழுத்து கலர் சுத்த கருப்பா இருக்கட்டும், சாம்பலோ பச்சையோ போட்டா பிரிண்டர் அதை பொட்டு பொட்டா வச்சுதான் காட்டும், சின்ன எழுத்துல ஓரம் உதிர்ந்த மாதிரி தெரியும். இங்க்ஜெட்னா மை வர்ற ஓட்டை அடைச்சிருக்கான்னு பார்க்க நாசில் செக் அடிச்சு ஹெட் அலைன்மென்ட்டும் ஒரு தடவை பண்ணிடுங்க, மெல்லிசு பேப்பர்ல மை பரவும், 80 ஜிஎஸ்எம் பேப்பர் வாங்கிக்கோங்க. டேக் தண்ணி படுற எடம்னா லேசர்லயே அடிங்க, சாதா இங்க் கரைஞ்சு ஓடிடும்.

மொத்தமா அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு ஷீட்ல நீலம், செந்தூரா, அல்போன்சா, பங்கனப்பள்ளின்னு 7, 8, 9, 10 பாயிண்ட்ல வரிசையா அடிச்சு, கண்ணாடி போடற வயசுல இருக்கற ஒருத்தர்கிட்ட குடுத்து வாசிக்க சொல்லுங்க. எங்க மாமாவுக்கு 9தான் சரிப்பட்டுச்சு, 8ல புள்ளி தெளிவாதான் இருந்துச்சு, ஆனா தோட்டத்து வெயில்ல நின்னு படிக்கறது அவருதானே.