பூஞ்சை படர்ந்த இசைத்தட்டு உறையைக் காப்பாற்றும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வர்த்தில், ஆயா (பாட்டி) வீட்டுக் கராஜிலிருந்து ஒரு பெட்டி நிறையத் தமிழ்த் திரைப்பட இசைத்தட்டுகள் என் கைக்கு வந்தபோது, டர்பனின் கோடை ஈரத்தில் உறைகள் எல்லாவற்றிலும் வெண்பூஞ்சை படர்ந்திருந்தது. அந்த உறை ஓவியங்களுக்காகவே சேகரிப்பவன் நான் என்பதால், முதலில் உறையைக் காப்பாற்றும் வழியைச் சொல்கிறேன்.

தட்டை வெளியே எடுத்துத் தனியே வையுங்கள். உறையை வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று நாள் நிறுத்தி உலர விடுங்கள். இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலை மாதங்களின் வறண்ட காற்று இதற்கு மிகவும் ஏற்றது.

அடுத்த படியில்தான் நான் தவறினேன். பூஞ்சை உலர்வதற்கு முன்பே ஓர் எல்பி (நீண்ட நேரம் ஓடும் பெரிய தட்டு) உறையை ஈரத்துணியால் துடைத்தேன். கதாநாயகியின் சேலைப் பச்சை துணியோடு வந்துவிட்டது, அவள் தோளருகே இன்றும் வெறும் அட்டைதான் தெரிகிறது. மேலே பளபளப்புப் படலம் ஒட்டப்படாத உறையில் ஈரம் பட்டால் காகிதம் ஊறி மையோடு பெயர்ந்துவிடும். ஈரப் பூஞ்சையும் இழைகளுக்குள் தேய்ந்து கறையாகிவிடும். நன்கு உலர்ந்த பூஞ்சையோ தூளாக உதிரும். ஆகவே முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே, நீர்வண்ண ஓவியத்துக்கான அகன்ற மென்தூரிகையால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி மெல்லத் தள்ளுங்கள். மூலையில் உள்ள கடை முத்திரையையும், பேனாவால் எழுதிய பெயரையும் அழிக்க முயலாதீர்கள்; என் ஆயாவின் கையெழுத்து எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

பிரிந்த ஓரங்களை ஒட்ட செல்லோடேப் வேண்டவே வேண்டாம், அதன் பசை மஞ்சளாகி அட்டைக்குள் இறங்கும். மாவுப் பசை பூச்சிகளை அழைக்கும். மெதில் செல்லுலோஸ் (தாவர நாரிலிருந்து செய்யும், நீரில் கரையும் தூள்) பசையும், உட்புறத்தில் வைக்க ஒரு மெல்லிய ஜப்பானியக் காகிதத் துண்டும் போதும். பிறகு பிவிசி அல்லாத, பாலிப்ரொப்பிலீன் மேலுறையில் இட்டு, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் நிமிர்த்தி அடுக்குங்கள்.

பின்சேர்க்கை: தட்டைச் சாராயக் கலவையால் துடைக்கலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். வினைல் என்ற பிளாஸ்டிக்கால் ஆன தட்டுக்கு, காய்ச்சி வடித்த நீரில் சிறிதளவு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கலந்து, நடுவிலுள்ள காகித வட்டத்தில் படாமல் துடைக்கலாம். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகள் பெரும்பாலும் அரக்கால் ஆனவை. ஆல்கஹாலில் அரக்கு கரையும், பாட்டின் பள்ளங்களும் அதோடு போய்விடும். கனமாகவும், கீழே விழுந்தால் ஓடு போல் உடையக்கூடியதாகவும் உள்ள தட்டு உங்களிடம் இருந்தால், ஆல்கஹால் புட்டியை அதன் அருகே கொண்டு செல்லாதீர்கள்.