சம்பளச் சீட்டில் தொடங்கிய பாடம்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இரவு நேர எக்செல் வகுப்பு எடுத்தேன். 14 பேர் சேர்ந்தார்கள். மூன்றாம் வாரம் ஆறு பேர்தான். சலிப்படைகிறார்கள் என்று நினைத்து இன்னும் வேகமாக நடத்தினேன். அது என் தவறு.

அப்புறம் ஒவ்வொருவரிடமும் தனியாக, "எதற்காக வந்தீர்கள்?" என்று கேட்டேன். பாதுகாவலர் வேலை பார்க்கும் அண்ணனுக்குத் தன் சம்பளப் பிடித்தம் சரிதானா என்று தெரிய வேண்டும். பூக்கடை அக்காவுக்குப் பாக்கிக் கணக்கு. மூன்றாம் படிவத்தோடு (ஒன்பதாம் வகுப்பு) பள்ளியை விட்டவர் அவர்; எல்லார் முன்னும் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில்தான் இத்தனை நாள் வாயே திறக்கவில்லை.

அடுத்த வகுப்பில் விழுக்காட்டைச் சம்பளச் சீட்டிலேயே தொடங்கினேன்: 1,700 வெள்ளி (ரிங்கிட்) சம்பளம், அதில் இபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதிப் பிடித்தம் 11 விழுக்காடு, 187 வெள்ளி. அண்ணன் உடனே தன் சீட்டை எடுத்து ஒப்பிட்டார். நின்றுபோனவர்களையும் கூப்பிட்டுப் பேசினேன், நால்வர் திரும்பினார்கள். அக்கா இப்போது பாக்கிப் பட்டியலைத் தானே போடுகிறார்.